பாட்டுல வராத 19 பேர்

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஒரு பாட்டைப் பத்திப் பேசணும். இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் தலைமுறை தலைமுறையா வாய்வழியா வந்த கதைப்பாடல். 'சர் ஹியூ'ன்னு பேரு. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டுங்கிற அமெரிக்கப் பேராசிரியரோட பெரிய தொகுப்புல இது 155-ஆவது.

முதல்ல கதை. பசங்க பந்து விளையாடுறாங்க. ஹியூ உதைச்ச பந்து ஒரு யூதர் வீட்டு ஜன்னல் வழியா உள்ள போயிடுது. அந்த வீட்டுப் பொண்ணு 'மேல வந்து எடுத்துக்கோ'ங்கிறா. பையன் தயங்குறான். அவ ஒரு ஆப்பிளைக் காட்டுறா. உள்ள போனவனை மேசைமேல கிடத்தி, பன்னியை அறுக்கிற மாதிரி அறுத்து, ஈயத்தகட்டுல சுத்தி, ஆழமான கிணத்துல போட்டுடுறா. ராத்திரி அம்மா தேடி வந்து கூப்பிடுறா. கிணத்துக்குள்ள இருந்து செத்த பையன் பதில் சொல்றான்: ஈயம் ரொம்பக் கனக்குதும்மா, கிணறு ரொம்ப ஆழம்மா.

கேக்கும்போது தொண்டை அடைக்கும். அதனாலதான் இது இவ்வளவு ஆபத்தான பாட்டுன்னு நினைக்கிறேன்.

நிஜத்துல நடந்ததுக்கு வருவோம். 1255. இங்கிலாந்துல இருக்கிற லிங்கன் நகரம். ஜூலை கடைசியில ஹியூங்கிற எட்டு, ஒம்பது வயசுப் பையன் காணாமப் போறான். ஆகஸ்ட் கடைசியில ஒரு கிணத்துல சடலம் கிடைக்குது. எப்படிச் செத்தான்னு யாரும் நிரூபிக்கல. அந்த சமயத்துல ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் யூதர்கள் நிறைய பேர் லிங்கனுக்கு வந்திருந்தாங்க. 'இவங்க கூடினதே பையனைச் சிலுவையில அறையத்தான்'னு பழி கிளம்பிடுச்சு.

கோப்பின்ங்கிற ஒரு லிங்கன் யூதரைப் பிடிச்சாங்க. 'ஒத்துக்கிட்டா உயிரோட விடுறோம்'னு ஜான் ஆஃப் லெக்சிங்டன்கிற அரச அதிகாரி வாக்கு கொடுத்தார். அந்த மனுஷனும் அவங்க கேட்ட கதையைச் சொன்னார். அப்புறம் மூன்றாம் ஹென்றி ராஜா நேர்ல வந்தார். கொடுத்த வாக்கு செல்லாதுன்னுட்டார். கோப்பினைக் குதிரை வால்ல கட்டி, தெருவுல இழுத்துட்டுப் போய்த் தூக்குல போட்டாங்க. சுமார் 90 பேரை லண்டனுக்குக் கொண்டுபோனாங்க. கிறிஸ்தவர்கள் மட்டுமே இருக்கிற ஜூரி முன்னாடி நிக்க மாட்டோம்னு மறுத்த 18 பேரை நவம்பர்ல தூக்குல போட்டாங்க. மிச்சப் பேர் அடுத்த வருஷம் விடுதலையானாங்க.

இங்க பணக் கணக்கைக் கவனிங்க. அதே வருஷத் தொடக்கத்துல ஹென்றி, தன் நாட்டு யூதர்கள்கிட்ட வரி வாங்குற உரிமையைத் தம்பி ரிச்சர்டுக்கு 5,000 மார்க்குக்கு (அந்தக் காலத்துப் பண அளவு) அடகு வெச்சிருந்தார். ஆனா மரண தண்டனை வாங்கினவன் சொத்து ராஜாவுக்குத்தான் போகும். ராஜா அவ்வளவு மெனக்கெட்டதை இதை விட்டுட்டுப் புரிஞ்சுக்க முடியாது.

இத்தனைக்கும் 1247-லயே நாலாம் இன்னசென்ட் போப் யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைச் சடங்குக்காகக் கொல்றாங்கங்கிற இந்த மாதிரி ரத்தப்பழியைக் கண்டிச்சிருந்தார். ஹியூவை ரோம் புனிதரா அறிவிக்கவும் இல்ல. ஆனா லிங்கன் பேராலயத்துல அவனுக்குச் சமாதி வந்துச்சு, ஜனங்க கும்பிட்டாங்க. 1290-ல முதலாம் எட்வர்ட் எல்லா யூதர்களையும் நாட்டை விட்டே துரத்திட்டார். அதுக்கு அப்புறம் முந்நூத்தி அறுபது வருஷத்துக்கும் மேல, அங்க வெளிப்படையா யூதர்னு வாழ்ந்தவங்களே கிடையாது. பாட்டும் பழியும் மட்டும் அங்கேயே தங்கிடுச்சு. பக்கத்து வீட்டு யூதரையே பாக்காத ஜனங்க குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வளத்தாங்க.

கடல் தாண்டி அமெரிக்கா போனப்ப பாட்டு மாறுச்சு. சில வடிவங்கள்ல யூதப் பொண்ணு போய் டியூக்கோட பொண்ணாயிட்டா, சிலதுல ஜிப்சி பொண்ணு. பந்து இருக்கு, ஆப்பிள் இருக்கு, கிணறு இருக்கு. கோப்பினும் தூக்குல போட்ட அந்த 18 பேரும் எந்த வடிவத்துலயும் இல்ல.

லிங்கன்ல ஜூஸ் கோர்ட்னு (Jews' Court) ஒரு பழைய கட்டடம் இருக்கு. போன நூற்றாண்டுத் தொடக்கத்துல அதோட தரைக்கடியில 'ஹியூ கிடந்த கிணறு இதுதான்'னு காசு வாங்கிக் காட்டினாங்க. அப்புறம் பாத்தா, அது கூலி கொடுத்துப் புதுசா வெட்டின கிணறு! சுமார் அறுநூத்தி அம்பது வருஷம் கழிச்சும் அந்தப் பொய்க்கு விலை இருந்திருக்கு. பேராலயத்துல 1950-கள்ல சமாதி பக்கத்துல ஒரு பலகை வெச்சாங்க. இந்தக் கதைகள் புனைவு, இதால எத்தனையோ அப்பாவி யூதர்கள் செத்தாங்கன்னு எழுதி, மன்னிப்பு கேட்டுப் பிரார்த்தனையோட முடிச்சிருக்காங்க. அதை நான் மதிக்கிறேன்.

அப்ப இந்தப் பாட்டைப் பாடவே கூடாதான்னு கேப்பீங்க. யூதர்ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டுப் பாடுறது எனக்கு ஒப்பல. அப்படிப் பண்ணா யார்மேல பழி போட்டாங்கன்னே தெரியாமப் போயிடும். பாடுறவங்க முதல்ல 1255-ல நடந்ததைச் சொல்லட்டும், கோப்பின் பேரைச் சொல்லட்டும், அப்புறம் பாடட்டும்.

இங்கிலாந்துல இந்த மாதிரி பழி முதல்ல கிளம்பினது லிங்கன்ல இல்ல, நார்விச்ல. 1144-ல செத்துப்போன வில்லியம்ங்கிற பையனை வெச்சு. அதைத் தனி வீடியோவா பண்றேன்.