கிணற்றடியில் தொடங்கும் நெடுந்தீவு

அவையோருக்கு வணக்கம். நெடுந்தீவுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டப்போகும் தம்பி தங்கைகளே, வந்தவரை முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்? குதிரை, பெருக்குமரம், கோட்டை என்பீர்கள். கிணற்றடிக்குக் கூட்டிப் போங்கள் என்கிறேன் நான்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவு, முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால் ஆன தட்டைத் தீவு. ஆறும் இல்லை, மலையும் இல்லை. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டரைப் போட்டு மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். வாளியால் அள்ளிய காலத்தில் நல்லாயிருந்த கிணறு மோட்டர் வந்தபின் உவர்ப்பாவது இதனால்தான். விருந்தினர் விடுதி கட்ட நினைப்பவர்கள் அறைகளை எண்ணுவதற்கு முன் கிணற்றை எண்ணுங்கள். கூரைநீரைச் சேர்க்கத் தொட்டி கட்டுங்கள்.

சாராப்பிட்டிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உண்டு. அவற்றை அரக்கர் வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை. வந்தவர் அங்கே ஒரு மிடறு குடிக்கட்டும். பிறகு கடற்கரையோரக் கிணற்று நீரை நாக்கில் தொட்டுப் பார்க்கட்டும். அதற்குப்பின் தீவில் பார்ப்பதெல்லாம் அவருக்குத் தானாக விளங்கும்.

மட்டக்குதிரைகளை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படுபவை இவை. இன்று உடையவர் இல்லாமல் வெளியில் மேய்கின்றன. கோடையில் புல் கருகிக் குளம் வற்றும்போது தாகத்தாலேயே சாகின்றன. ஆகவே அவற்றைத் தண்ணீரிடமிருந்து விரட்டக் கூடாது. காலையிலோ மாலையிலோ தூரத்தில் நின்று பார்ப்பதே முறை. படத்துக்காகக் கிட்டப் போனால் கூட்டம் ஓடும். ஓடிய குதிரைக்கு மீண்டும் தண்ணீர் வேண்டும். பிஸ்கட் கொடுக்க விடாதீர்கள். பொலித்தீன் உறையையும் சேர்த்துத் தின்றுவிடும். தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவையுங்கள்.

வழியெங்கும் கல்வேலிகள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. பெரிய கல் அடியில், சிறிய கல் மேலே, இடுக்கில் சல்லி. இடைவெளிகளால் காற்று ஊடுருவிப் போவதால் சோளகக் காற்றிலும் வேலி நிற்கும். கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்: பூவிதழ் போலவும் மூளை மடிப்புப் போலவும் கோடுகள் தெரியும். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடிருந்தவை அவை. வேலியில் ஏறியிருந்து படம் எடுத்தால் ஒரு கல் நழுவும். ஒன்று நழுவினால் ஒரு முழ நீளம் சரியும். நினைவுக்கென்று ஒரு கல்லும் போகக் கூடாது.

பெருக்குமரம், அதாவது பாவோபாப், ஆபிரிக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது பொதுவான கருத்து. உள்ளே ஆள் புகுந்து நிற்கலாம், பெயர் வெட்டக் கூடாது. வெடியரசன் என்ற மன்னனின் கோட்டை என்று ஊர் வழங்கும் இடத்தில் பௌத்த தூபிகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. ஊர்க்கதையையும் சொல்லுங்கள், தொல்லியலையும் சொல்லுங்கள்; ஒன்றுக்காக மற்றதை மறைக்க வேண்டாம். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கெல்லாம் வைத்தார்கள். வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க் ஆனது. அந்தப் பெயர்கள் மறைந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

இனிப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து 776 ஆம் இலக்க பஸ் குறிகட்டுவான் வரை வரும். அங்கே நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் ஒரே துறையிலிருந்து புறப்படுகின்றன. கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய் நயினாதீவில் இறங்கியவர்கள் உண்டு. ஏறுமுன் கேட்கச் சொல்லுங்கள். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். வயிற்றைப் புரட்டுபவர் கீழ்த்தட்டின் டீசல் மணத்தில் இருக்காமல், காற்றுப் படும் இடத்தில் தூரக் கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். காற்றுக் கடுமையானால் சேவை நிற்கும். முதல் நாளே விசாரியுங்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினி நினைவாலயம். 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் போன பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அங்கே அவசரப்படுத்தாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் சற்று நிற்கட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே ஆள் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். தீவில் மீன் கணக்குப் பார்த்தே வாங்குவார்கள். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் வேண்டுமென்றால் முந்திய நாளே சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் குடிதண்ணீர் கொண்டுவரட்டும். வெறும் போத்தலும் அவரோடேயே திரும்பட்டும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்டு, அதற்கு அரை மணி முன்னதாக ஓட்டோவைத் துறைக்குத் திருப்பிவிடுங்கள்.