போர்த்துகல் கேட்டது கவிஞனைத்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியல் நேரத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போர்த்துகல் கவிஞர் மானுவெல் அலெக்ரே தன் நாட்டுக்கு அதிகம் செய்தது கவிதையாலா, அரசியலாலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு பெரிய பட்டியல் வாசித்தார். பத்து வருடம் நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்தார், அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து வானொலியில் பேசினார், 34 வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தார், இரண்டு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றார். "இதில் கவிதை எங்கே ஐயா வந்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். பட்டியலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது 1964-இல் தொடங்குகிறது. அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததை விட்டுவிட்டார். கவிதையால்தான் என்ற என் வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1936-இல் அகெடா என்ற சிற்றூரில் பிறந்தவர் அலெக்ரே. கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். நல்ல நீச்சல்காரர். கூடவே மாணவர் போராட்டம். அப்போது நாட்டை ஆண்டவர் சலாசார். 1932-இலிருந்து அவர்தான் பிரதமர். பத்திரிகையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தணிக்கைக்காரரின் நீலப் பென்சில்தான் முடிவு செய்யும். அதையும் மீறினால் 'பிடே' என்ற ரகசியப் போலீஸ். 1961-இல் ஆப்பிரிக்காவில் போர்த்துகலின் காலனியாக இருந்த அங்கோலாவில் விடுதலைப் போர் வெடித்தது. அதே வருடம் டிசம்பரில் கோவா கைவிட்டுப் போனது. காலம் மாறிவிட்டது என்று வேறு ஒருவராக இருந்தால் புரிந்துகொண்டிருப்பார். சலாசார் இன்னும் அதிகமாகப் படைகளைக் கப்பலேற்றினார். கட்டாய ராணுவச் சேவையில் சேர்க்கப்பட்ட அலெக்ரேயும் 1962-இல் அங்கோலா போய்ச் சேர்ந்தார்.

போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. 1963-இல் பிடே அவரைப் பிடித்து அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் ஆறு மாதம் சிறையில் வைத்தது. அங்கே அவருக்குக் கிடைத்த சகவாசம் யார் தெரியுமா? லுவாண்டினோ வியெய்ரா, அந்தோனியோ ஜசிந்தோ போன்ற அங்கோலா எழுத்தாளர்கள். யாருடைய விடுதலையை நசுக்க இவரை அனுப்பினார்களோ, அவர்களோடே ஒரே கூரையின் கீழ் அடைத்துவிட்டார்கள். ஒரு கவிஞனுக்கு அரசாங்கச் செலவில் இதைவிட நல்ல இலக்கிய வட்டம் யார் அமைத்துக் கொடுப்பார்கள்?

வெளியே விட்டதும் கொயிம்ப்ராவுக்குத் திரும்பினார். ஊரைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. அந்தக் காலத்தில் பிறந்ததுதான் 'கடந்து செல்லும் காற்றின் பாட்டு'. வீசுகிற காற்றிடம் என் நாட்டைப் பற்றிச் செய்தி உண்டா என்று ஒருவன் கேட்கிறான். காற்று வாயைத் திறக்கவில்லை. ஓடுகிற ஆறுகளைக் கேட்கிறான். அங்கேயும் ஆறுதல் இல்லை. கடைசியில், எவ்வளவு சோகமான இரவானாலும், அடிமைக் காலமே ஆனாலும், எதிர்த்து நிற்க எப்போதும் ஒருவர் இருப்பார், 'முடியாது' என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார் என்று பாட்டு முடிகிறது.

நடுவர் அவர்களே, இதில் சலாசார் பெயர் இல்லை. கட்சி இல்லை, கோஷம் இல்லை. நாலு நாலு அடியாக, எதுகை தட்டி வரும் நாட்டுப்பாட்டு வடிவம். புதுக்கவிதை தெரிந்த மனிதர் வேண்டுமென்றே இந்தப் பழைய வடிவத்தை எடுத்தார் என்றே நினைக்கிறேன். இரண்டு தடவை கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். அந்தோனியோ போர்ச்சுகல் இசையமைக்க, அட்ரியானோ கொரையா டி ஒலிவேரா 1963-இல் கிட்டாரோடு பாடிப் பதிவு செய்தார். அவ்வளவுதான், மாணவர் கூட்டமெல்லாம் அந்தக் கடைசி அடிகளைப் பாட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் 1964, எதிரணி நண்பரின் பட்டியல் தொடங்கும் வருடம். ஆள் பாரிஸ் வழியாக அல்ஜியர்ஸ் போய்விட்டார். ஆனால் கவிதை ஊரிலேயே தங்கிவிட்டது. 1965-இல் 'பாடல் சதுக்கம்' என்ற முதல் தொகுப்பு வந்தது. பறிமுதல் செய்தார்கள். 1967-இல் 'பாட்டும் படைக்கலமும்'. அதற்கும் அதே கதி. மக்கள் என்ன செய்தார்கள்? கையால் எழுதினார்கள், தட்டச்சு செய்தார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் கொடுத்துக்கொண்டார்கள். எதிரணியில் யாராவது, ஒரு அரசியல்வாதியின் பேச்சை இப்படி ராத்திரி உட்கார்ந்து கையால் பிரதி எடுத்திருக்கிறீர்களா? நான் காத்திருக்கிறேன்.

வானொலிக்கு வருகிறேன். அல்ஜியர்ஸிலிருந்து அவர் பேசிய 'விடுதலையின் குரல்' வானொலி அரசியல்தான், ஒத்துக்கொள்கிறேன். அது உங்களுக்கே. ஆனால் வெளியே இருந்து வரும் குரலைக் கேட்க ஒரு ரேடியோ வேண்டும், அலைவரிசை கிடைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் நல்லவனாக இருக்க வேண்டும். பாட்டுக்கு வாய் போதும்.

இன்னொன்று கேளுங்கள். 1970-இல் அமாலியா ரொட்ரிகஸ் அதே கவிதையை வேறு மெட்டில் பாடினார். போர்த்துகலின் சோகப் பாட்டு வகையான ஃபாடோவின் மகாராணி அவர். அந்த அரசாங்கமே உலகத்துக்குப் பெருமையாகக் காட்டிய குரல். மெட்டமைத்த அலன் ஊல்மன் 1966-இல் அதே பிடேயிடம் அகப்பட்டவர்! எழுதியவர் நாட்டுக்குள் கால் வைக்க முடியாது, மெட்டுப் போட்டவர் போலீஸ் கையில் இருந்து வந்தவர், பாடுபவரோ நாட்டின் செல்லப்பிள்ளை. இப்போது பிடே யாரைப் பிடிக்கும் சொல்லுங்கள்.

"ஆட்சியைக் கவிழ்த்தது கவிதையா? ராணுவக் கேப்டன்கள் அல்லவா?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். 1974 ஏப்ரல் 25 அன்று டாங்கியோடு லிஸ்பனுக்கு வந்தவர்கள் 13 வருடக் காலனிப் போரில் சலித்துப்போன ராணுவ அதிகாரிகள்தான். கவிதை கவிழ்த்தது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அல்ஜியர்ஸ் அரசியலும் கவிழ்க்கவில்லையே! அந்தக் கணக்கில் இரண்டு அணிக்கும் பூஜ்யம். இருந்தாலும் ஒரு சின்ன விஷயம்: புறப்படுங்கள் என்று படைகளுக்கு வானொலியில் வந்த சைகை என்ன? பாட்டு. அலெக்ரே எழுதியது இல்லை, அவர் தலைமுறைப் பாடகர் ஜோசே அஃபோன்சோவுடையது. பாட்டின் பலம் கேப்டன்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

மே 2-ஆம் தேதி அலெக்ரே ஊர் திரும்பினார். சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 250 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். 1976 அரசியலமைப்புக்கு முகவுரை எழுதும் வேலை யாரிடம் போனது? இவரிடம்தான். சட்டம் பலமுறை திருத்தப்பட்டது, முகவுரை அப்படியே நிற்கிறது. இதை அரசியல் கணக்கில் எழுதிக்கொண்டார் நண்பர். சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த கையிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டார்.

2017-இல் போர்த்துகீசிய மொழியின் பெரிய இலக்கிய விருதான கமோயிஷ் விருது கிடைத்தது. அதை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. இலக்கிய விருதை இலக்கியத்துக்குத்தானே கொடுப்பார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. 2006 ஜனாதிபதி தேர்தலில் கட்சி அலெக்ரேயைக் கைவிட்டு மாரியோ சொவாரஷை நிறுத்தியது. சொவாரஷ் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், முன்னாள் ஜனாதிபதி. அலெக்ரே சுயேச்சையாக நின்றார். சொவாரஷுக்கு 14 சதவீதம் சொச்சம். அலெக்ரேக்கு 20.7 சதவீதம், இரண்டாம் இடம். 2011-இல் அதே கட்சி அவரை ஆதரித்தது, இன்னொரு இடதுசாரிக் கட்சியும் சேர்ந்துகொண்டது. கிடைத்தது 19.7. கட்சி, மேடை, தொண்டர் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஓட்டு ஏன் குறைந்தது? அரசியல்தான் அவருடைய பலம் என்றால், இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.