மதுரைக்கு எந்த வழி?

நேயர்களுக்கு வணக்கம்.

இலக்கியத்தில் வரும் பயணங்கள், பயணம் போகிறவர்கள் எடுக்கிற முடிவுகள், அவற்றை எழுதுகிற நடை, இந்த மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்திருக்கும் நேரமோ கொஞ்சம். அதனால் ஊரைச் சுற்றாமல் பிராட்வேயிலிருந்தே கிளம்பிவிடுகிறேன்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில், வண்டி மோதாத ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை யோசிக்கிறார். திருவல்லிக்கேணிக்கு வீடு திரும்ப வேண்டும், கையில் கொஞ்சம் சில்லறைதான். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குக்கு ஆகும். பஸ்ஸில் ஏறி, கண்டக்டருக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டே சென்ட்ரலைத் தாண்டிவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பிக்குத் தேறும். ஆனால் வெற்றிலை கிடையாது. டிராமா, பஸ்ஸா?

சென்னையில் டிராம் நின்றது 1953-ல். புதுமைப்பித்தன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டார். ஆனாலும் அந்த முனையில் நின்று அவர் போட்ட கணக்கு இன்றைக்கும் பழசாகவில்லை. மெட்ரோவா, ஷேர் ஆட்டோவா என்று நாம் போடாத கணக்கா?

இந்த இடத்தில் நடையைக் கவனியுங்கள். காலணாவைப் பற்றிய யோசனைக்குக் கதாசிரியர் இத்தனை இடம் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் கடவுளே வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். டிராமிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், கேட்டுக் கேட்டு நடந்தும் போகலாம், மதுரைக்கு வழி வாயிலே என்று பதில் வருகிறது. பிறகு அந்த மனிதரோடு காப்பி குடிப்பதும், அவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவதும் நடக்கின்றன. காலணாவுக்குப் போட்ட கணக்கைப் பிள்ளை கடவுளுக்குப் போடவில்லை. அவருடைய பிழைப்பு, சாமர்த்தியம், அளவான அயோக்கியத்தனம் எல்லாம் அந்தச் சில்லறைக் கணக்கிலேயே வெளிவந்துவிடுகிறது. கடவுளை என்ன செய்யப்போகிறார் என்பதை அதை வைத்தே நாம் ஊகித்துவிடலாம்.

சரி, பிள்ளை பேச்சுவாக்கில் இழுத்த அந்த மதுரைக்கே போவோம். தமிழ் இலக்கியத்தில் மதுரைக்கு வழி கேட்டவர்களில் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் கோவலனும் கண்ணகியும்தான்.

சிலப்பதிகாரத்தின் பதினொன்றாவது காதைக்குக் காடுகாண் காதை என்று பெயர். உறையூரைத் தாண்டிப் போகிறவர்கள் மாங்காட்டு மறையவன் ஒருவரைச் சந்திக்கிறார்கள். கொடும்பாளூர்ப் பக்கம் பாதை சிவபெருமான் கைச் சூலம் போல மூன்றாகப் பிரிகிறது என்கிறார் அவர். வலப்பக்க வழியில் போனால் வறண்ட மரங்கள் நிற்கிற காடு, அதைக் கடந்தால் வாழையும் கமுகும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலை. இடப்பக்கம் வயலும் சோலையுமாகப் போய்த் திருமால் குன்றத்தில், அதாவது இன்றைய அழகர்மலையில் சேரும். அங்கே ஒரு குகைக்குள் மூன்று பொய்கைகள், ஒவ்வொன்றில் முழுகினால் ஒவ்வொரு பலன். நடு வழிதான் நல்ல வழி, ஆனால் அதில் போகிறவர்களை மயக்குகிற தெய்வம் ஒன்று உண்டு. இப்படி மரம் மரமாக, சுனை சுனையாக அடுக்கிக்கொண்டே போகிறார். ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து’ பாலை ஆகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இந்த மனிதர் வழி சொல்கிற பேச்சில் வருவதுதான்.

இவ்வளவு விரிவாகச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது? பொய்கையின் பலன் எங்களுக்கு வேண்டாம் என்று, கூட வருகிற சமணத் துறவி கவுந்தியடிகள் மறுக்கிறார். மூவரும் நடு வழியில் போகிறார்கள். தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலை உருவில் வருகிறது, கோவலன் மந்திரம் சொன்னதும் விலகுகிறது. எந்தப் பாதையில் போயிருந்தாலும் அவர்கள் சேர்வது மதுரைதான்.

ஆனால் இரண்டு காதைக்கு முன்னால், புகாரில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது நடந்ததைப் பாருங்கள். குலத்துச் செல்வமெல்லாம் தொலைந்தது வெட்கமாக இருக்கிறது என்கிறான் கோவலன். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறாள் கண்ணகி. இதை முதலாக வைத்து மதுரையில் பிழைப்போம், ‘எழுக’ என்கிறான். விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணகி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று உயிர்களையும் ஒரு நகரத்தையும் காவு வாங்கப்போகிற முடிவுக்கு இளங்கோ கொடுத்திருப்பது சில அடிகள்தான்.

பட்டிமன்ற மேடைகளில் கோவலனை எத்தனையோ முறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. எனக்கு அந்த வழக்காடலில் ருசி இல்லை. அவன் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் அவசரத்தில், கவிஞர் எங்கே பேச்சை நீட்டினார், எங்கே சட்டென்று நிறுத்திக்கொண்டார் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

வழியில் இன்னொரு சின்ன இடம். கொஞ்ச தூரம் நடந்ததுமே மூச்சு வாங்கிய கண்ணகி, மதுரை மூதூர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ‘ஆறைங்காதம்’தான், பக்கம்தான் என்று கோவலன் சிரிக்கிறான். முப்பது காதம் என்று சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், அதனால் ஆறையும் ஐந்தையும் பெருக்காமல் சொல்கிறான். பல நூற்றாண்டு கழித்துக் கம்பனின் கைகேயியும் இதையே செய்கிறாள். பதினான்கு ஆண்டு காடு என்று இராமனிடம் சொல்ல வேண்டும். ‘ஏழிரண்டு ஆண்டின் வா’ என்கிறாள். ஒருவன் பரிவினால் உடைத்த எண்ணை இன்னொருத்தி தந்திரத்தால் உடைக்கிறாள், உத்தி ஒன்றுதான். அதிலும் கம்பன் பொல்லாதவன். காட்டுக்கு அனுப்புகிறவள் ‘நீ போய்’ என்று தொடங்கினாலும், முடிக்கிற இடத்தில் அவள் வாயில் ‘வா’வை வைத்திருக்கிறான்.

பயணத்தின் நடுவில் திகைத்து நிற்கிறவனை எழுதியவர்களும் இருக்கிறார்கள். நற்றிணையின் 284-ஆவது பாட்டில், பொருள் தேடப் போன தலைவன் பாதி வழியில் நிற்கிறான். அவளிடம் திரும்பிப் போவோம் என்கிறது நெஞ்சு. எடுத்த காரியத்தை முடிக்காமல் திரும்பினால் இளக்காரம், அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரு பக்கமும் பற்றி இழுக்கிற தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான். பாட்டு அங்கேயே முடிகிறது. போனானா, திரும்பினானா? தெரியாது. பாடியவரின் சொந்தப் பெயரும் தெரியாது, அந்த உவமையை வைத்தே அவரைத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்கிறோம். முடிவைச் சொல்லியிருந்தால் அது ஒருவனுடைய கதையாகியிருக்கும். நல்லவேளை, சொல்லாமல் விட்டார்.

இளங்கோ அப்படி விட்டுவிடுகிறவர் இல்லை, தள்ளிப்போடுகிறவர். புகாரில் கண்ணகி சொல்லாமல் விட்ட பதில் பதினாறாவது காதையில், மதுரைப் புறத்து ஆயர்சேரியில் வருகிறது. அவள் சமைத்துப் போட்டதைக் கோவலன் சாப்பிட்டு முடித்திருக்கிறான். வெற்றிலை பாக்கும் கொடுத்தாயிற்று. (பிள்ளையின் வெற்றிலை போல இது விட்டுப்போகவில்லை.) சிலம்பை விற்கக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவளை அருகே அழைத்து, செய்த பிழைகளையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, ‘எழுகென எழுந்தாய், என் செய்தனை’ என்று உடைகிறான். நான் சொன்னேன் என்பதற்காக நீயும் எழுந்து வந்துவிட்டாயே!

அப்போதுதான் அவள் பேசுகிறாள். ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். உங்கள் சொல்லை எதிலும் மறுக்காத மனம் எனக்கு, அதனால், ‘ஏற்றெழுந்தனன் யான்’. எழுந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஏற்று எழுந்தேன் என்கிறாள். நீங்கள் சொன்னதால் நான் இழுபட்டு வரவில்லை, தெரிந்து, சம்மதித்து வந்தேன் என்று அந்த ஒரு சொல்லில் தன் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறாள். அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டதில் கோவலன் கேட்ட பதில் இது. இதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான்.

உ.வே.சாமிநாதையர் 1892-ல் பதிப்பித்த நூல் இது. பிறகு எத்தனையோ பதிப்புகள், மலிவு விலையிலும் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்பதாவது காதையின் கடைசிப் பகுதியையும் பதினாறாவது காதையையும் அடுத்தடுத்து வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். நடுவில் இருக்கிற காடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வணக்கம்.