போனில் விட்டுவந்த பெரியப்பா

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். விழாத் தலைவர் ஐயா அவர்களுக்கு முதல் வணக்கம், அவர் சொன்னால்தான் நான் உட்காருவேன் என்பதால் அது கொஞ்சம் பெரிய வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முன்வரிசையில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் நகரசபை அம்மையாருக்கு நன்றி. இந்த மண்டபத்தை வாடகை இல்லாமல் நமக்குக் கிடைக்கச் செய்தவர் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மொழிபெயர்க்கும் தங்கச்சி, நான் வேகமாகப் போனால் கையைத் தூக்கும்மா. எனக்கு முன்னால் டாக்டர் ஐயா சர்க்கரை நோயைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் லட்டு அடுக்கி வைத்திருக்கும் மகளிர் அணிக்கும் என் நன்றி.

சரி. எனக்குக் கொடுத்த தலைப்பு பர்கண்டியில் ஒருநாள் பயணங்கள். பாரிஸுக்குத் தென்கிழக்கே இருக்கும் ஒயின் பிரதேசம் அது. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, என்ன பார்ப்பது. இரண்டு, செலவை எப்படிக் குறைப்பது. மூன்று, நம் சைவக்காரர்கள் அங்கே எதைச் சாப்பிடுவது.

பர்கண்டி என்றால் ஒயின், ஒயின் குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். ஆனால் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அங்கே இருக்கும் ஒயினை அல்ல, நிலத்தை. திஜோன் நகரத்துக்குத் தெற்கே போகிற சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம் 1247 துண்டாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் எல்லை. இதற்குத் துறவிகள் முக்கியக் காரணம். 1098இல் சித்தோ என்ற சதுப்பு நிலத்தில் ஒரு மடம் தொடங்கினார்கள், அந்த மடத்துக்காரர்கள் அடுத்த நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலம் சேர்த்துச் சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்டம்தான் குளோ த வூஜோ. ஏறத்தாழ 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் அதைப் பறித்து விற்றார்கள், இன்று அந்த ஒரே சுவருக்குள் எண்பது பேர் அளவில் பங்குக்காரர்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கே வரப்புச் சண்டை தீரவில்லை.

இப்போது என் பெரியப்பா கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது.

பெரியப்பா புதுச்சேரிப் பக்கம் பாகூர்க்காரர். ஏரிப் பாசனத்தில் நாற்பது வருஷம் நெல் போட்டவர். மகன் அழைத்து இங்கே வந்து, நான்காவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயில் எப்போதும் ஒரு பழமொழி, அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல். குழந்தை பாடம் படித்தாலும் சொல்வார், மருமகள் கடையில் பத்துக் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தாலும் சொல்வார். நாங்கள் யாரும் காதில் வாங்கியதில்லை.

நான்தான் ஒரு பயணம் போட்டேன். 14 பேர், இரண்டு வண்டி, ஒரே நாள். திஜோன், வூஜோ, போன், தூர்னுய், க்ளூனி, ஐந்தும். அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுத்தேன். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது பயணமா, பந்தயமா?" என்றார். வூஜோவில் 20 நிமிஷம். எல்லோரும் சுவரோரம் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலே இருக்கிறது நல்ல நிலம்டா, இந்த ரோட்டுப் பக்கம் தண்ணி நிக்கும், விலை கம்மியா இருக்கும்" என்றார். ஒயின் ஒரு சொட்டு வாயில் பட்டதில்லை, ஆனால் ஒயின்காரர்கள் சொல்வதும் அதேதான், அந்தத் தோட்டத்தின் மேல்பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அப்புறம் போன். கைபேசி இல்லை, ஊர். ஒயின் வியாபாரத்தின் தலைநகர் மாதிரி. அங்கே 1443இல் நிக்கோலா ரோலன் என்ற மந்திரியும் அவர் மனைவி கிகோனும் ஏழைகளுக்காகக் கட்டத் தொடங்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கும் ஓடு, யாரோ ஜமுக்காளத்தை விரித்துக் காயப்போட்ட மாதிரி. எங்களுக்கு அட்டவணையில் 25 நிமிஷம். ஓடினோம், பார்த்தோம், ஏறினோம். பெரியப்பா மற்ற வண்டியில் இருப்பார் என்று இந்த வண்டி நினைத்தது, இந்த வண்டியில் இருப்பார் என்று அந்த வண்டி நினைத்தது.

தூர்னுய் போய் இறங்கி ஆளை எண்ணினால் 13. என் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, பெரியப்பாவைப் போனில் விட்டுட்டோம்" என்கிறான். பெரியம்மா அமைதியாக, "போனில்தானே இருக்கார், பேசச் சொல்லு" என்கிறார். "இல்லை பெரியம்மா, அவர் போனில் இருக்கிறார், அவர் போன் வண்டியில் இருக்கிறது." இதைப் புரியவைக்கவே பத்து நிமிஷம். அப்புறம் அழுகை, என்னைத் திட்டு, தூர்னுய் தேவாலயத்தை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திரும்ப ஓட்டினோம்.

போய்ப் பார்த்தால் மனுஷன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பாட்டி. பெரியப்பா தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையை வைத்தும், பாட்டி கையை ஆட்டியும் பேச்சு ஓடுகிறது. அந்தப் பாட்டியின் அம்மா அங்கே நோயாளியாகப் படுத்திருந்தவராம். நம்பலாம், 1971 வரை அங்கே வைத்தியம் பார்த்தார்கள்.

எங்களைப் பார்த்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "உத்தரத்தைப் பார்த்தீங்களா?" நாங்கள் பார்க்கவில்லை. ஏழைகள் கூடம் ஐம்பது மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள், மேலே போகிற உத்தரம் ஒவ்வொன்றையும் ஒரு பூதம் வாயில் கவ்விக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்கு இரண்டு பேர் படுப்பார்களாம், கடைசியில் வழிபாட்டு மேடை, படுத்தபடியே கும்பிடலாம். முன்பு அங்கே இருந்த ரோகியர் வான் தெர் வெய்டன் ஓவியம் இப்போது தனி அறையில், இறுதித் தீர்ப்பு, ஒரு தேவதை தராசு பிடித்து நிற்கிறது. "பாவத் தட்டுதான்டா கீழே இறங்குது, கவனிச்சியா?" என்றார். நான் அந்த ஓவியத்தைப் படம் எடுத்திருந்தேன், தராசைப் பார்க்கவில்லை. அந்த மந்திரி உயிரோடு இருக்கும்போது நிறையப் பேரை ஏழையாக்கினார், அவர்களுக்கு ஒரு வீடு கட்டுவது நியாயம்தான் என்று லூயி மன்னன் கிண்டல் செய்ததாக ஒரு கதை உண்டு. அதையும் பெரியப்பாதான் பாட்டியிடம் கேட்டு வந்து சொன்னார். ஆஸ்பத்திரிக்கென்று எழுதி வைத்த திராட்சைத் தோட்டம் இன்னும் இருக்கிறது, 1859 முதல் நவம்பர் மாதத்தில் அந்த ஒயினை ஏலம் விட்டு வைத்தியத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். கோயில் மானியம் மாதிரி என்றார். ஐந்து ஊர் அட்டவணை போட்ட எனக்குக் கடைசியில் மிஞ்சியது, உட்கார்ந்த இடத்தில் அவர் உழுததுதான். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்.

க்ளூனி அன்று போகவில்லை. 910இல் தொடங்கிய மடம், ரோமில் புதிய புனித பேதுரு ஆலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகத்தின் மிகப் பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது, புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக உடைத்து விற்றுவிட்டார்கள், பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அது தனியாக ஒரு நாள் போக வேண்டிய இடம்.

தலைவர் ஐயா முதல் சீட்டு அனுப்பிவிட்டார். செலவு, சாப்பாடு இரண்டும் நிற்கட்டும், முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புறநகரில் எத்தனை மாடியில் எத்தனை பெரியப்பா, எத்தனை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள்? பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது, திரும்பக் கூட்டி வருவது, அவ்வளவுதான் அவர்களுடைய பிரான்ஸ். பயணம் போட்டால் "அவங்களால நடக்க முடியாது" என்று விட்டுவிடுகிறோம். ஐந்து இடத்துக்கு முடியாதுதான். ஒரு இடத்துக்கு முடியும். நாம் அகல உழுகிறோம், அதனால் ஆழ உழத் தெரிந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அம்மையார் அவர்களே, இதை உங்களுக்கும் சொல்கிறேன், தங்கச்சி சரியாகச் சொல்லும்மா: எங்களுக்குப் பெரிய பேருந்து வேண்டாம், ஒரு சின்ன வண்டியும் ஏறி இறங்க ஒரு பலகையும் போதும்.

அதுவரை ரயில் இருக்கிறது. மே மாதம் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி, பாரிஸில் கார் த லியோன் ரயில் நிலையம். திஜோனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து போனுக்கு இருபது நிமிஷம். அந்த ஒரு ஊர் மட்டும், சாயங்காலம் திரும்பிவிடலாம். பெரியவர் ஒருவருக்கு இளைஞர் ஒருவர் கணக்கு. பெயர் எழுதும் தாள் லட்டு மேசையில் இருக்கிறது. முழங்கால் வலி, படி ஏற முடியாது என்றால் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள், வெட்கம் வேண்டாம். பின்வரிசைத் தம்பிகளே, நீங்கள் எழுந்து போவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பெயர் எழுதியாக வேண்டும், உங்கள் பெயரோடு வீட்டுப் பெரியவர் பெயரும். இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது ஐயா, இதோ உட்காருகிறேன். வணக்கம்.