சாயத்தண்ணீர்

வணக்கம், அன்பு நேயர்களே. துணி வடிவமைப்பை எங்கே கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம் கொழும்பில் படித்த வகுப்பைச் சொல்லி முடித்துவிடுவேன். அது பாதி விடைதான். மீதியை இலங்கை மலைநாட்டில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்துக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், கற்றேன்.

அப்பா, மன்மதன் எரிந்த கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு உடை தைப்பவர். மாசியில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்து தொடங்கியதும் காம்பிராவில் படுக்க இடமிருக்காது. ரதிக்கு ஜிகினா, எமனுக்குக் கறுப்பு, வீரபத்திரனுக்குச் சிவப்பு. எல்லாம் லயத்தாரின் பழைய சேலைகளிலிருந்தே பிறக்க வேண்டும். "தீப்பந்த வெளிச்சத்தில், கடைசியில் நிற்பவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே வெட்டுவார். நீலமும் பச்சையும் அருகருகே இருந்தால் இரவில் இரண்டும் ஒரே இருட்டு. நடுவே விரல் அகலத்துக்கு மஞ்சள் ஓட வேண்டும். எட்டு வயதில் அது எனக்குத் தெரியும். பிறகு வகுப்பில் நிறச் சக்கரத்தை விளக்கியபோது எனக்கு அப்பாவின் கத்தரிக்கோல்தான் நினைவுக்கு வந்தது.

பால் சேராத தேநீரை நாங்கள் சாயத்தண்ணீர் என்போம். ஒருநாள் என் வெள்ளைச் சீருடையில் அது கொட்டிவிட்டது. அம்மா அவசரமாக அலசி, தகரத்தில் நீட்டியிருந்த துருப்பிடித்த ஆணியில் மாட்டினார். விடிந்து பார்த்தால் பழுப்புக் கறைக்கு நடுவே கன்றிப்போன ஒரு கரும்புள்ளி. எவ்வளவு சோப்புப் போட்டும் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்தே காரணம் புரிந்தது: தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். இன்று என் சேலைகளில் நீங்கள் காணும் சாம்பல் நிறம் அந்தக் கறைதான். தேயிலைச் சாயம் ஏறிய பருத்தியை ஆணி ஊறிய நீரில் தோய்த்தெடுத்தால், மாலையில் பனி இறங்கும் மலையின் நிறம் வந்து உட்காரும். நீரில் இரும்பு மிஞ்சினால் நூலை அரித்துவிடும். அந்த அளவைப் பிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

இடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மாதிரிப் பிரிவில் வேலை செய்தேன். வடிவம் என்னுடையது, பெயர் யாருடையதோ. அந்த நாட்களில்தான் மாத்தளை அலுவிகாரையில் எனா டி சில்வா நிறுவிய பத்திக் பட்டறைக்குப் போனேன். துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் பத்திக் கலைக்கு 1960களில் இலங்கையில் புதுவாழ்வு கொடுத்தவர் அவர். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரைக்கே பத்திக் துணி செய்து தந்தவர். மலைநாட்டில் இருந்துகொண்டே இப்படியும் தொழில் செய்யலாமா என்று மலைத்துப்போய்த் திரும்பினேன். வேலையை விட்டேன்.

அட்டன் குளிரில் மெழுகு நினைத்ததைவிட விரைவாக இறுகி வெடிக்கும். பாரஃபினைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டினேன். அது சரியாயிற்று. தொழிலைப் பதிவு செய்யப் போனபோது முகவரி கேட்டார்கள். லயத்துக் காம்பிராவுக்கு எங்கள் பெயரில் பத்திரம் ஏது? நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்த பிறகே பதிவு கிடைத்தது.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது விலை சொல்வது. முதல் சேலையைக் கையில் எடுத்த கடைக்காரர் "எவ்வளவு?" என்றார். "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்றேன். அப்படித்தானே வளர்ந்தோம்! அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோய்க் கொட்டுவார். ஈரத்துக்கு, கூடைக்கு என்று கழித்தது போக மீதி எடையைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதுவார். தன் உழைப்புக்கு எங்கள் வீட்டில் யாரும் விலை சொன்னதே இல்லை. கடைக்காரர் கொடுத்த பணம் துணிக்கும் மெழுகுக்குமே சரியாகப் போயிற்று. அன்றிரவே ஒரு கொப்பி எடுத்துத் துணி, மெழுகு, சாயம், காஸ் என்று எழுதி, அவற்றுக்குக் கீழே என் ஐந்து நாட்களையும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை வாய்விட்டுச் சொல்லப் பல மாதங்கள் பழகினேன்.

2022இல் ரூபாய் சரிந்து சாயப்பொடியின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, தேயிலையும் ஆணியுமே என்னைக் காப்பாற்றின. அப்போதும் அந்தக் கடைசி வரியை நான் குறைக்கவில்லை.

இப்போது என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். சாயமும் மெழுகும் நிறுக்கும் சிறிய தராசு அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. முள் நடுவில் நிற்கும்வரை அவர் கையை எடுப்பதில்லை.