முதல் செமஸ்டர் முடிவு வந்த இரவு

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கணிதம் நடத்தி வருகிறேன். மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் அருகிலிருந்து கண்டதை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பள்ளியிலேயே முதலாவதாக வந்த பிள்ளை, முதல் பட்டதாரி சான்றிதழோடு எங்களிடம் வருகிறான். இங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலம். கணக்கு அவனுக்குத் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடுவதில்லை. இரண்டு அரியர் விழுகிறது. வீட்டுக்குப் போன் செய்து, "எல்லாம் பாஸ், அப்பா" என்று சொல்லிவிடுகிறான்.

அரியரை அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதுதான் அவனை அரிக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகத் தயங்குகிறான். இரவு தூக்கமில்லை, காலை வகுப்பில் ஆளில்லை. என்னிடம் "மனம் சரியில்லை" என்று சொல்லி வந்தவர்கள் மிகக் குறைவு. தலைவலி, வயிற்றுவலி என்றுதான் விடுப்புக் கடிதம் நீட்டுவார்கள். மனம் நொந்தால் உடம்பு உண்மையாகவே வலிக்கும். அதை அறியாமல், முதல் சில ஆண்டுகள் எல்லாம் சாக்கு என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் அவருடைய அறையை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் எந்தப் பிள்ளை உள்ளே நுழையும்? நூலகத்துக்குப் போகிற வழியில், யார் கண்ணிலும் படாத வாசலோடு அது இருக்கட்டும்.

பெற்றோரே, முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பிறகு, "எந்தப் பாடம் புரியவில்லை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவனுக்குத் தேவை இருக்காது.

விடுதி மாணவர்களே, அன்று இரவு மெஸ்ஸுக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். ஒரு தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வார்டனை எழுப்புங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். எண்ணை மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.