இரண்டாயிரம் கொருனா நோட்டில் இருக்கும் பாடகி – ஒரு நேயர் கேள்வி

பிராக் நகரத்துக்குப் போய்வந்த நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். "அங்கே 2000 கொருனா நோட்டில் ஒரு பெண்மணியின் படம் இருக்கிறது. கடையில் கேட்டேன், 'ஓபரா பாடகி' என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். யார் இவர்? என்னென்ன பாடினார்? நீங்கள் 'ருசால்கா' என்ற செக் ஓபரா பற்றி அவ்வளவு நேரம் பேசினீர்களே, இவர் பெயரைச் சொல்லவே இல்லையே, ஏன்?"

இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. அதிலும் அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அது கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஆனால் காரணம் இருக்கிறது. ருசால்கா 1901 மார்ச்சில் பிராக் தேசிய அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது கதாநாயகி ருசால்காவாகப் பாடியவர் ருஷேனா மாத்துரோவா. நோட்டில் இருக்கும் அம்மையார் அப்போது பிராக்கிலேயே இல்லை. அதே வருடம் கோடையில் அவர் ஜெர்மனியில், வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில், அவருடைய 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவில் சென்டாவாக நின்றுகொண்டிருந்தார். அந்த ஓபரா பைராய்ட்டில் ஏறியதே அதுதான் முதல் தடவை. அவருக்கு வயது 23.

பெயர் என்ன என்றுதானே கேட்டீர்கள். எந்தப் பெயரைச் சொல்வது? 1878-ல் பிராக்கில் பிறந்தபோது எமிலி கிட்லோவா. உலகம் முழுக்கப் புகழ் பெற்றது எம்மி டெஸ்டின் என்ற பெயரில். கடைசியில் எமா டெஸ்டின்னோவா. நோட்டில் இருப்பது இந்த மூன்றாவது. இந்த மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

முதலில் கற்றது வயலின். அப்புறம்தான் வாய்ப்பாட்டு. பாட்டு சொல்லிக்கொடுத்தவர் மரீ லோவே-டெஸ்டின். அந்த ஆசிரியையின் பெயரிலிருந்து எடுத்ததுதான் 'டெஸ்டின்'. சொந்த ஊர் தேசிய அரங்கில் தொடக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. 1898-ல், இருபது வயதில், பெர்லின் அரச ஓபராவில் மஸ்கான்யியின் 'கவலேரியா ருஸ்திகானா'வில் சாந்துட்சாவாக அறிமுகமானார். பத்து வருடம் அங்கேதான். சிசிலிக் கிராமத்துப் பெண்ணின் கதை, எழுதியவர் இத்தாலியர், பாடுகிறவர் செக் பெண், பாடுகிற மொழி ஜெர்மன்!

நான் பல தடவை சொன்னதுதான், பழைய நேயர்களுக்கு அலுப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஒரு பாடகியின் பாத்திரப் பட்டியலை வைத்துக்கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது. எந்த ஊரில், எந்த மொழியில் பாடினார் என்று கேட்க வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலும் மூல மொழியிலேயே பாடுகிறார்கள். அன்றைக்கு அரங்கத்தின் மொழிதான் சட்டம். பெர்லினில் எல்லாம் ஜெர்மன். டெஸ்டின் 1908-ல் முழு 'கார்மென்' ஓபராவை இசைத்தட்டில் பதிவு செய்தார், அதுவும் ஜெர்மனில். பிரெஞ்சு ஓபரா அது. லண்டனில் கதை வேறு: 1906-ல் சாய்கோவ்ஸ்கியின் ருஷ்ய ஓபராவான 'யூஜின் ஒனேகின்' அங்குள்ள கோவன்ட் கார்டன் ஓபரா அரங்கில் இத்தாலியனில் நடந்தது. கதாநாயகி தத்யானா நம் டெஸ்டின்தான். அந்தத் தத்யானா இரவெல்லாம் விழித்திருந்து எழுதும் கடிதம் இத்தாலியன் மொழியில்!

பெர்லினில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிக்கார்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' 1906 டிசம்பரில் ஏறியபோது சலோமே இவர். அந்த ஓபராவைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அது பிடிக்கவில்லை. பைபிள் கதையை இப்படி ஆட்டம்பாட்டமாக ஆக்கலாமா என்ற சங்கடம். அரங்க நிர்வாகி ஒரு வழி கண்டுபிடித்தார்: முடிவில் பெத்லகேம் நட்சத்திரம் வானத்தில் உதிக்கட்டும், பக்தியும் ஆயிற்று, ஓபராவும் ஆயிற்று. "இந்த சலோமேயால் ஸ்ட்ராஸுக்குக் கெடுதல்தான்" என்றாராம் கைசர். அந்தக் கெடுதலில் வந்த பணத்தில்தான் கார்மிஷில் வீடு கட்டினேன் என்று ஸ்ட்ராஸ் பிற்பாடு எழுதினார். சரி, டெஸ்டினுக்கு வருவோம். மறுவருடம் பாரிசிலும் ஸ்ட்ராஸே நடத்த இவரே சலோமே.

1908 நவம்பர் 16. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பருவத் தொடக்க நாள். வெர்டியின் 'ஐடா' ஓபரா. ஐடா இவர், அவள் காதலன் ரதாமெஸாகப் புகழ்பெற்ற பாடகர் கருசோ, இசை நடத்தியவர் டோஸ்கனீனி. டோஸ்கனீனிக்கும் அந்த மேடையில் அதுதான் முதல் நாள். ஐடா எத்தியோப்பிய இளவரசி, எகிப்தில் அடிமை. நைல் நதிக் கரையில் நின்று 'ஓ பாட்ரியா மியா', என் தாய்நாடே, இனி உன்னைப் பார்க்கமாட்டேன் என்று பாடுவாள். மேல் ஸ்தாயிக்கு ஏறி, அந்த உச்சியில் குரலை மெல்லியதாக நிறுத்த வேண்டும். பாடகிகள் பயப்படும் இடம்.

எனக்கு உண்மையில் பிடித்தது அதற்கு மூன்று மாதம் கழித்து நடந்தது. இதை நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 1909 பிப்ரவரியில் ஸ்மெதனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' மெட்ரோபாலிட்டனில் முதன்முறையாக நடந்தது. செக் மக்கள் தங்கள் சொத்தாக நினைக்கும் ஓபரா. நடத்தியவர் குஸ்டாவ் மாலர், அவரும் பொஹீமியாவில், அதாவது செக் மண்ணில், பிறந்தவர். கதாநாயகி மஷென்கா, பிராக்கில் பிறந்த டெஸ்டின். இவ்வளவும் கூடிவந்தும் பாடியது என்ன மொழியில் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மன். ஊர்க்காரி, ஊர்க்காரர் இசையை, பக்கத்து ஊர்க்காரர் நடத்த, வேறு மொழியில் பாடுகிறார்! மாலர் ஒரு தந்திரம் செய்தார். பெயர்பெற்ற அந்த முன்னிசையைத் தொடக்கத்தில் வாசித்தால் தாமதமாக வருகிறவர்கள் தவறவிடுவார்கள் என்று, முதல் அங்கம் முடிந்தபிறகு வாசிக்க வைத்தார். நியூயார்க் சீமான்கள் எப்போது வருவார்கள் என்று மாலருக்குத் தெரிந்திருந்தது.

1910 டிசம்பர் 10-ல் புச்சினியின் 'மேற்கின் பெண்' உலகிலேயே முதல் முறையாக அதே மேடையில். புச்சினியே வந்திருந்தார். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டுகிறவர்கள் நடுவே மதுக்கடை நடத்தும் மின்னியாக டெஸ்டின், கொள்ளைக்காரனாக கருசோ, ஷெரீஃபாக பாஸ்குவாலே அமாட்டோ. இரண்டாம் அங்கத்தில் காதலன் உயிரைப் பணயம் வைத்து மின்னி ஷெரீஃபுடன் சீட்டாடுவாள். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தாயிற்று. மூன்றாவதில் மயக்கம் வருவதுபோல் நடித்து, அவன் குடிக்க எடுக்கப் போகும் நேரத்தில் காலுறையில் ஒளித்துவைத்த சீட்டுகளை மாற்றிவிடுவாள். மூன்று ஏஸ், ஒரு ஜோடி! அந்த இடத்தில் வாத்தியங்கள் அடங்கி, இதயத் துடிப்புபோல ஒரு தாளம் மட்டும் ஓடும். மற்ற இடங்களில் அந்தப் பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலே குரல் கேட்க வேண்டும். சலோமேயைப் பாடிய தொண்டைக்கு அது முடியும். ஆனால் அதே தொண்டை மஷென்காவின் கிராமத்துச் சிணுங்கலையும் பாடியதே, அதுதான் எனக்கு அதிசயம்.

பிறகு போர். 1914-ல் தெற்கு பொஹீமியாவில் ஸ்ட்ராஷ் என்ற ஊரில் ஒரு மாளிகை வாங்கியிருந்தார். போர் நடுவே ஊர் திரும்பியவரின் பாஸ்போர்ட்டை, அன்று செக் மண்ணை ஆண்ட ஆஸ்திரிய அரசு பிடுங்கிக்கொண்டது. செக் விடுதலைக்காரர்களோடு தொடர்பு என்று சந்தேகம். மாளிகையை விட்டு விருப்பம்போல் நகர முடியாது. மீன் பிடித்தார், அதில் அவருக்குப் பைத்தியம். கவிதையும் கதையும்கூட எழுதினார். செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபிறகு மேடையில் தன் பெயரை எமா டெஸ்டின்னோவா என்று வைத்துக்கொண்டார். 'ஓவா' என்பது செக் பெண் பெயர்களின் விகுதி. பெர்லினுக்குப் போனபோது கழற்றி வைத்த விகுதி, ஆசிரியையின் பெயரோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது.

1919-ல் மெட்ரோபாலிட்டனுக்குத் திரும்பினார், மறுபடி ஐடா. ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. கிளாடியா முட்சியோ, ரோசா பொன்செல் என்ற இரண்டு பாடகிகள் வந்துவிட்டிருந்தார்கள். வெகு நாள் நீடிக்கவில்லை. 1930 ஜனவரியில் செஸ்கே புடியோவிட்சேயில் இறந்தார், வயது 51. பிராக்கில் விஷெஹ்ராட் கல்லறையில் இருக்கிறார்.

எதைக் கேட்கலாம் என்றால், 1914-ல் கருசோவோடு பாடிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. பிரேசில்காரரான கோமெஸின் 'இல் குவாரனி' என்ற ஓபராவிலிருந்து ஒரு ஜோடிப் பாட்டு. கேட்டவுடன் "கருசோ நன்றாக இருக்கிறார், இந்த அம்மா மெலிசாக இருக்கிறாரே" என்று எழுதாதீர்கள். அன்று மைக் கிடையாது. ஒரு கூம்புக்குள் பாடுவார்கள், அந்த அதிர்வே ஊசியை நகர்த்தும். ஆண் குரலின் சாரம் கூம்புக்குள் ஓரளவு அடங்கிவிடும், சோப்ரானோ என்ற உயர்ந்த பெண் குரலின் மேல் அலைகள் வெளியிலேயே நின்றுவிடும். உச்சத்தில் ஊசி குதிக்காமலிருக்கப் பாடகி பின்வாங்கியும் நிற்பார். அதனால் இரண்டாவது தடவை கேளுங்கள், குரல் எங்கே பின்னால் போகிறது என்று கவனித்து.

அப்புறம் அந்த நேயரிடம் எனக்கும் ஒரு கேள்வி. அந்த 2000 நோட்டை ஊர் திரும்பும்போது மாற்றிவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா? அதை மட்டும் எழுதவில்லை.